வள்ளையும் கங்குனும்: தமிழிலக்கியத் தாவர ஆய்வு பற்றியதொரு மறுநோக்கு

தமிழரின் தாவர அறிவு பற்றிப் பேசப்படும் போதெல்லாம் குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்கள் எடுத்துக்காட்டப்படுதல் மரபாகிவிட்டது. கபிலரின் அப்பட்டியல் வியத்தற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனைப் போற்றும் நாம், நாள்தோறும் உண்ணும் கீரையையும் வீட்டுக்குப் பின்னுள்ள சதுப்பிற் படரும் கொடியையும் எவ்வளவு தூரம் அறிந்துள்ளோம் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. தமிழிலக்கியத் தாவர ஆய்வின் பெறுபேறுகளை, கொழும்பின் கிழக்கெல்லையிலுள்ள கொலன்னாவையின் தாழ்நிலத்தில் நின்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் இரு நூல்கள் முதன்மையானவை. ஒன்று, பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ (1967). மற்றையது, கு. சீநிவாசன் எழுதித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’. உரையாசிரியர் பலர் ‘ஒரு மரம்’, ‘ஒருவகைக் கொடி’ என்று கூறி அமைந்த இடங்களில், இவர்கள் இலை, பூ, காய், வாழிடம் ஆகியவற்றை ஒப்பிட்டு, செய்யுட் பெயரைத் தாவரவியற் பெயரோடு இணைக்க முயன்றனர். இலக்கியச் சான்றை இயற்கை விஞ்ஞானத்தின் உரைகல்லில் வைத்துப் பார்த்தமை இவர்களது பெருஞ்சாதனை எனலாம்.

எனினும், இவ்வாய்வுநெறி பெயரை அறிந்ததும் பெரும்பாலும் அமைதியடைந்துவிடுகிறது. தாவரம் ஈண்டுப் பூவாகவும் பெயராகவும் உவமையாகவும் காணப்படுகின்றதேயன்றி, உழைப்பின் பொருளாகக் காணப்படுவது குறைவு. யார் நட்டனர்? யார் பறித்தனர்? யார் உண்டனர்? இவ்வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. திணைப் பாகுபாடு வெறும் கவிதை மரபன்று, சமனற்று வளர்ந்த பொருளுற்பத்தி நிலைகளின் வெளிப்பாடு என்பதைக் கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் வெளிவந்த தமது கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அந்நோக்குத் தாவர ஆய்வினுள் போதிய அளவு புகவில்லை என்பதே எமது முறைப்பாடு.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாக நோக்குவோம். மருதத்தின் நீர்நிலைகளிற் படரும் கொடியாகச் சங்கப் பாடல்கள் கூறும் ‘வள்ளை’, ‘ஐப்போமியா அக்குவாட்டிக்கா’ என்று ஆய்வாளரால் அடையாளங்காணப்பட்டுள்ளது. வற்றாளைக் கிழங்கின் இனத்தது இது. தண்டு உட்டுளையுடையதாதலின் நீரில் மிதக்கும். கணுக்கள்தோறும் வேர்விடுமாதலின், தண்டை நறுக்கி நட்டாலே பெருகிவிடும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சந்தைக்குச் செல்லும் தமிழர் ‘கங்குன்’ என்று கேட்டு வாங்குவது இதனையே. மலாய் மொழிவழி வந்த அப்பெயர் இன்று சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவாகிவிட்டது. வகுப்பறையில் வள்ளைக்கு உரை கூறிய ஆசிரியரே மாலையில் கங்குன் கட்டொன்றை வாங்கிச் செல்கிறார். இரண்டும் ஒன்றென்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இவ்விடத்து, கங்குனை விலக்கி வள்ளையை மீட்போம் என்று தனித்தமிழ் நோக்கில் முழங்குதல் எமது கருத்தன்று. கடன்சொல் இழுக்கன்று. அது மக்கள் ஒருவரோடொருவர் கொண்ட உறவின் வரலாற்றுச் சான்றாகும். பொன்னாங்காணியை ‘முகுனுவென்ன’ என்றும், வல்லாரையைக் ‘கொட்டுகொல’ என்றும் கொழும்புத் தமிழர் வழங்குவது, அக்கீரைகளைப் பயிரிடுவோரோடும் விற்போரோடும் அவர்கள் பேசும் மொழியைக் காட்டுகிறது. குறை சொல்லில் இல்லை. இரு பெயர்களுக்குமிடையே நிற்கும் செடியையும் அதனை வளர்க்கும் மனிதரையும் காணத் தவறிய புலமையிலேயே குறை உள்ளது.

அத்தவறு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கொலன்னாவை, களனி கங்கையின் வெள்ளச் சமவெளியைச் சார்ந்தது. கீரை விளையும் அதே தாழ்நிலந்தான் மழைநீரையும் தேக்கிவைக்கிறது. அந்நிலம் ‘பயனற்ற சேறு’ என்று கருதப்பட்டமையாலேயே நிரப்பப்பட்டது, குப்பை கொட்டப்பட்டது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை மூழ்கியது. 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், அங்குள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டிலேயே, 2018இல், கொழும்பு ‘ராம்சார் ஈரநில நகரம்’ என்னும் அங்கீகாரம் பெற்றது. சிறப்பும் அவலமும் ஒரே சதுப்பிலிருந்து வந்தவை. மாசுற்ற நீரில் வளரும் வள்ளை நச்சு உலோகங்களை உறிஞ்சித் தன்னுட் சேர்க்கவல்லது. ஆகவே, நீரின் தூய்மை கவிதையின் அழகுப் பிரச்சினை மட்டுமன்று, ஏழைகளின் உணவுப் பிரச்சினையுமாகும்.

இனி, விஞ்ஞானத்தையும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளலாகாது. தென்னமெரிக்க ஆற்றுவாழை 1905இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிக்கத் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. சல்வீனியாவோ 1939இல் கொழும்பின் உயர்கல்வித் தாவரவியற்றுறை வழியாகவே நாட்டினுள் வந்தது. கற்பித்தலுக்கென வந்த செடி வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது. 1986இல் அதனை உண்ணும் வண்டினம் கொணரப்பட்ட பின்னரே அதன் பரவல் பல இடங்களில் அடங்கிற்று. வாழ்விடத்திலிருந்து பிரித்துச் செடியைக் காணும் விஞ்ஞானமும், வாழ்விலிருந்து பிரித்துச் செடியைக் காணும் இலக்கிய ஆய்வும் ஒரே குறையின் இரு முகங்களாம். பெயர்க்குழப்பம் இதனை மேலும் சிக்கலாக்குகிறது. ‘ஆகாயத்தாமரை’ என்ற பெயர் இரு வேறு நீர்ச்செடிகளுக்கு வழங்குகிறது. ‘ஆகாயத்தாமரையை அகற்றுக’ என்று மட்டும் எழுதினால், எதனை அகற்றுவது?

எனவே, அடுத்து வேண்டப்படுவது மற்றுமொரு சங்கத் தாவர அகராதியன்று. பயிரிடுவோர் வாய்ப்பட்ட தமிழ், சிங்களப் பெயர்களையும், தாவரவியற் பெயரையும், இலக்கிய வழக்கையும், நடும் முறையையும், உண்ணும் வழக்கத்தையும் ஒருங்கே பதியும் ஏடொன்றே வேண்டப்படுவது. மொழித்துறை மாணவரும் தாவரவியல் மாணவரும் கூடி, சிங்களம் பேசும் தோட்டக்காரரை ஆசிரியராக ஏற்று அதனை ஆக்குதல் வேண்டும். சாமியும் சீநிவாசனும் பெயரிலிருந்து செடிக்கு வழி சமைத்தனர். செடியிலிருந்து மனிதருக்குச் செல்லும் எஞ்சிய வழியைச் சமைப்பது எமது தலைமுறையின் கடமையாகும். அவ்வழி கொலன்னாவையின் சேற்றினூடாகவே செல்கிறது.