பின்பனியும் வெறுந்தாழியும்: ஹீசியட்டின் உழவர் கவிதை பற்றிச் சில சிந்தனைகள்

உழவர் வாழ்வைப் பாடும் இலக்கியம் என்றதும் நம்மவரிற் பலருக்கு நினைவில் எழுவன பசும்பயிரும் பொன்னிறக் கதிரும் அறுவடை விழாவுமேயாம். ஆண்டின் பன்னிரு மாதங்களுள் உழவன் சிரிக்கும் மாதத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாடும் இம்மரபு பழையது, பலருக்கு வசதியானதுங்கூட. விளைந்து நிற்கும் வயலைக் கண்டு மகிழ்பவனுக்கு, அவ்வயல் யாருடையது, விளைவில் எத்தனை பங்கு யாரிடம் போய்ச் சேர்கிறது என்னும் வினாக்கள் எளிதில் எழுவதில்லை. அவ்வினாக்கள் எழும் காலம் வேறு. சென்ற அறுவடையின் தானியம் குறைந்துகொண்டே வர, அடுத்த அறுவடை இன்னுந் தொலைவில் நிற்கும் இடைக்காலமே அது. கிரேக்க நாட்டுச் சிறு உழவனுக்கு அக்காலம் பின்பனிக்காலம். அவ்வுழவனின் முற்றத்தில் நின்று அக்காலத்தைப் பாடிய ஹீசியட் என்னும் கவிஞரை நம் மாணவரும் ஆசிரியரும் இன்னும் போதியளவு அறிந்தாரல்லர். ஹோமரின் வீரயுக உலகம் நமக்குப் புதியதன்று. ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்த கைலாசபதி அவர்கள் 1968 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே சங்கச் சான்றோர் செய்யுள்களைக் கிரேக்க வீரநிலைக் கவிதையோடு ஒப்புநோக்கி விரிவாக ஆராய்ந்துள்ளார். வீரன் தேரிலிருந்து இறங்கிச் சென்ற பின்னர் அந்நிலத்தில் ஏரோடு நின்றவன் யார் என்னும் வினாவுக்கு விடை தேட முற்படும்போதே நாம் ஹீசியட்டிடம் வந்து சேர்கிறோம்.

ஹீசியட் கி. மு. 700 அளவில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலரின் துணிபு. ‘வேலைகளும் நாட்களும்’ எனப்படும் அவரது கவிதை எண்ணூற்றுக்குச் சற்று மேற்பட்ட அடிகளைக் கொண்டது. அவரது தந்தையார் சின்ன ஆசியாவின் கரையிலிருந்த கைமீ என்னும் ஊரிலிருந்து, கடலோடியும் வறுமை தீராது புறப்பட்டு, பொயோசியாவில் ஹெலிக்கோன் மலையடிவாரத்து அஸ்க்ரா என்னும் சிற்றூரிலே குடியேறியவர். குளிருக்கும் கொடியது, கோடைக்கும் கொடியது என்று அவ்வூரைக் கவிஞர் மனங்கசந்து பேசுகிறார். தந்தை இறந்ததும் நிலம் இரு மைந்தர்க்கும் பிரிக்கப்பட்டது. இளவல் பேர்சஸ், வழக்குத் தீர்க்கும் அதிகாரம் படைத்த குறுநில மன்னர்களுக்குக் கையுறை கொடுத்துத் தன் பங்கினும் மிகுதியாகக் கவர்ந்துகொண்டான் என்பது கவிஞரின் குற்றச்சாட்டு. அக்கவிதை முழுவதும் அத்தம்பியை விளித்துக் கூறிய அறிவுரையாகவே அமைந்துள்ளது. எனவே இக்கவிதை இயற்கை வருணனையிற் பிறந்ததன்று. ஒரு காணி வழக்கிற் பிறந்தது. இதனை மறந்துவிட்டு அதனை ஒரு வேளாண்மைப் பஞ்சாங்கமாகவோ நீதிநூலாகவோ மட்டும் கொள்வோர் அதன் உயிர்நிலையைத் தவறவிடுகின்றனர்.

குளிர்காலத்தைக் கூறும் பகுதியை எடுத்துக்கொள்வோம். லீனையோன் என்னும் மாதத்திலே, அதாவது நமது தை மாதத்தையொட்டிய காலத்திலே, திரேஸ் நாட்டிலிருந்து பொரியாஸ் என்னும் வடகாற்று எழுந்து வருகிறது. உயர்ந்த மரங்கள் மலைச்சரிவுகளில் முறிந்து வீழ்கின்றன. காட்டு விலங்குகள் வாலை ஒடுக்கி நடுங்குகின்றன. எருத்தின் தோலையும் ஆட்டின் மயிரையும் ஊடுருவுகின்ற காற்று, செம்மறியின் அடர்ந்த கம்பளியை மாத்திரம் ஊடுருவ மாட்டாது நிற்கிறது. முதியவனை அது சில்லுப்போல வளைத்துவிடுகிறது. வீட்டினுள்ளே தாயருகில் இருக்கும் இளமகளை அது தீண்டுவதில்லை. கடலுக்கடியிலே எலும்பற்ற பிராணியொன்று தன் காலையே தின்றுகொண்டிருக்கிறது. அது பேய்க்கணவாய் என்பர் உரைகாரர். உணவு கிடையாத காலத்தில் உயிர் தன்னையே உண்டு வாழ்வதைக் காட்ட இதனினும் பொருத்தமான படிமம் கிடைப்பது அரிது.

இவ்விடத்தில் நக்கீரரின் நெடுநல்வாடை நம் நினைவுக்கு வருதல் இயல்பே. அது பின்பனியைப் பாடுவதன்று. மழையோடு கூடிய கூதிரைப் பாடுவது. ஆயினும் வாடையின் கொடுமையை உயிரினங்களின் மீது வைத்துக் காட்டும் முறை இரு கவிஞர்க்கும் பொதுவாயுள்ளது. அங்கும் ஆநிரை மேய்ச்சலை மறக்கின்றது, குரங்கு கூனிக் குறுகுகின்றது, பறவைகள் வீழ்கின்றன, பசு பால் குடிக்க வந்த கன்றை உதைத்து விலக்குகின்றது, கோவலர் தீயிற் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். எனினும் கோவலரைத் தொடக்கத்திற் காட்டிய நக்கீரர், மெல்ல நகரத்தினூடாக அரண்மனைக்குள் நுழைந்து, தலைவனைப் பிரிந்த அரசியின் கட்டிலருகிலும், பின் பாசறையில் உறங்காத வேந்தனிடத்திலும் நம்மைக் கொண்டுசென்று நிறுத்துகிறார். கோவலரிடம் கவிதை திரும்பி வருவதில்லை. ஹீசியட்டின் காற்றோ உழவனின் உடம்பைவிட்டு அகலுவதில்லை. எந்த நூலைப் பாவாக இட்டு எதனை ஊடாக நெய்தால் மேலாடை தடிப்பாகும், எருத்துத் தோற் செருப்பின் உள்ளே எதனை வைத்துத் தைக்கவேண்டும், மழைக்கு ஆட்டுக்குட்டித் தோலை எவ்வாறு பொருத்தவேண்டும், காது நனையாதிருக்க எத்தகைய தொப்பி வேண்டும் என்றெல்லாம் அவர் கூறிச் செல்கிறார். புலவர் பரிசில் நோக்கி அரண்மனை வாயிலில் நின்ற சமுதாயத்திற்கும், காணியுடையோன் தன் குரலிலே தானே பாடிய சமுதாயத்திற்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகின்றது. இதனால் நக்கீரர் தாழ்ந்த கவிஞராகிவிட மாட்டார். ஆனால் யாருடைய குளிர் கவிதையின் முடிவுவரை நிலைக்கிறது என்ற வினா, இலக்கியத்தைச் சமுதாயத்தோடு பொருத்திக் காண்போர் கேட்டே தீரவேண்டிய வினாவாகும்.

தொல்காப்பியர் பின்பனியை வேனிலோடு பாலைக்குரிய பெரும்பொழுதாக வகுத்தார். தலைவன் பொருள்வயிற் பிரியும் காலமாக அது அகப்பாடல்களில் இடம்பெற்றது. பிரிவுத்துயரின் பின்னே பொருள்தேட்டம் என்னும் வாழ்க்கைத் தேவை இருப்பதை அம்மரபும் மறைக்கவில்லை. ஹீசியட்டிடத்தில் அத்தேவை திரையின்றி நிற்கிறது. குளிர்கால நடுவில் எருதுகளுக்கு வழமையான தீனில் அரைப்பங்கே கொடு, மனிதனுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடு, நீண்ட இரவுகள் உனக்கு உதவும் என்கிறார். இரவு நீண்டால் வேலை குறையும். வேலை குறைந்தால் உணவும் குறைக்கலாம் என்பதே அதன் கருத்து. ஊர்க் கொல்லனின் உலைக்களத்தில் வெப்பமும் ஊர்ப்பேச்சும் இருக்கும், அங்கே போய்க் குந்தியிராதே என்று தம்பியைத் தடுக்கிறார். பட்டினியால் கை மெலிந்து கால் வீங்கிய மனிதனை அவனுக்கு நினைவூட்டுகிறார். இது வெறும் நீதிபோதனையன்று. பட்டினியின் உடற்குறியைக் கண்ணாற் கண்டவரின் சொல்.

குளிர்காலக் கதிர்த் திருப்பத்தின் பின் அறுபது நாட்கள் சென்றதும், நாம் சோதி என வழங்கும் விண்மீன் மாலைப்பொழுதிற் கடலிலிருந்து எழுகின்றது. அதன்பின் தகைவிலான் குருவி வருகின்றது. அது வருவதற்கு முன்னே திராட்சைக் கொடிகளைக் கத்தரித்துவிட வேண்டும். நத்தை நிலத்தைவிட்டுச் செடியில் ஏறும்போது கொடியடி கொத்துவதை நிறுத்தி, அரிவாளைத் தீட்ட வேண்டும். கார்த்திகை மீன்கள் வைகறையில் தோன்றும் அறுவடைக்காலம் வந்துவிட்டது. விண்மீனும் குருவியும் நத்தையும் இங்கு அழகுக்காக வந்தவையல்ல. எழுத்தும் நாட்காட்டியும் எட்டாத உழைப்பாளி தன் வேலைக்கு வகுத்துக்கொண்ட அறிவு அது. தலைமுறை தலைமுறையாகத் திரண்ட கூட்டறிவு என்பதனாலேயே அது கவிதையாகவும் உயர்கின்றது.

இனித் தாழியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தானியத்தையும் வைனையும் கிரேக்கர் சேமித்த பெரிய மண்தாழிக்குப் பிதோஸ் என்று பெயர். தாழியைத் திறக்கும்போதும் அது முடியும்போதும் நிறைய எடுத்துக்கொள், நடுவிலே சிக்கனம் பிடி, அடியை எட்டியபின் சிக்கனம் பயனற்றது என்கிறார் கவிஞர். பண்டோராவின் கதையில் துன்பங்களெல்லாம் வெளியேற நம்பிக்கை மாத்திரம் உள்ளே தங்கிவிட்ட கலமும் இதே பிதோஸ்தான். பிற்காலத்தார் அதனைப் பேழையாக்கிவிட்டனர். பேழை பணக்காரர் வீட்டுப் பொருள். தாழியோ உழவன் வீட்டுப் பொருள். பின்பனிக்காலத்திலே தாழியினுட் குனிந்து, இன்னும் எத்தனை நாளுக்குப் போதும் என்று அடியைத் துழாவிய கைகளே நம்பிக்கையையும் அங்கு வைத்துப் பார்த்திருக்கும். புராணக் கதைகளும் பொருளுற்பத்தி வாழ்விலிருந்தே உருவெடுக்கின்றன என்பதற்கு இது நல்லதொரு சான்று.

தாழி வெறுமையானால் அடுத்துவருவது கடன். கடனையும் பட்டினியையும் ஹீசியட் ஒரே மூச்சிற் சேர்த்தே பேசுகிறார். அயலவனிடம் அளந்து வாங்கு. அதே அளவாலோ, இயலுமாயின் அதனிலும் கூடுதலாகவோ திருப்பிக்கொடு. நாளைக்கு மீண்டும் தேவைப்படும் என்கிறார். எருதும் வண்டியும் இரவல் கேட்பது எளிது, இல்லையென்று மறுப்பதும் எளிது என்கிறார். சிறு உழவர்களிடையே நிலவும் இக்கொடுக்கல் வாங்கலில் ஓரளவு சமத்துவம் உண்டு. ஆனால் வழக்கு மன்னனிடம் போகும்போது அச்சமத்துவம் அற்றுப்போகின்றது. பருந்தின் நகங்களில் அகப்பட்ட இராக்குயிலின் கதையை அம்மன்னர்களுக்கே அவர் கூறுகிறார். வலியோன் விரும்பியதைச் செய்வான், மெலியோனின் பாட்டு அவனைக் காவாது என்பது பருந்தின் வாதம். பாடும் பறவையிடம் அது கூறப்படுவதால், கவிஞர் தம் நிலையையே அங்கு உணர்த்தினார் எனக் கொள்ளலாம்.

ஹீசியட்டை முற்போக்காளர் என முத்திரை குத்திவிடுதல் வரலாற்றுக்கு மாறானதாகும். அவரது எல்லைகளையும் நாம் மறைக்கலாகாது. வீடும் எருதும் ஒரு பெண்ணும் முதலில் தேடிக்கொள் என்று கூறும் அவரது கவிதை, அப்பெண் மணந்துகொண்டவள் அல்லள், விலைக்கு வாங்கப்பட்டவள் என விளக்குகிறது. குடிசை கட்டுவோரும் அரிவாளோடு எழுப்பப்படுவோரும் அடிமைகளே. வீடற்ற கூலியாளையும் குழந்தையற்ற பணிப்பெண்ணையுமே வைத்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறுகிறார். பெண்ணினத்தைப் பற்றி அவர் கூறுவன கொடியவை. மன்னரின் அநீதியைக் கண்ட கண், தன் முற்றத்து அநீதியைக் காணவில்லை. இது தனி மனிதரின் குறை மட்டுமன்று. மேலே நசுக்கப்பட்டும் கீழே நசுக்கியும் வாழும் சிறுவுடைமையாளரின் வர்க்க இயல்பாகும். தீர்வையும் அவர் வானத்திடமே எதிர்பார்க்கிறார். சீயஸின் முப்பதாயிரம் காவலர் மனிதரின் செயல்களைக் கண்காணிக்கின்றனர் என நம்புகிறார். ஆனால் வரலாறு வேறு வழியிற் சென்றது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், கி. மு. 594 அளவில், அயலிலுள்ள அத்திக்காவில் சோலன் கடன்களை நீக்கி, கடனுக்காக மனிதரை அடிமையாக்கும் வழக்கத்தையும் ஒழித்தார். அச்சுமைநீக்கம் வானிலிருந்து இறங்கவில்லை. கடனாளி உழவரின் கொந்தளிப்பே அதற்கு வழிகோலியது.

ஹீசியட்டைப் பின்பற்றி உரோமக் கவிஞர் வேர்ஜில் கி. மு. 29 அளவில் நிறைவுசெய்த ‘ஜோர்ஜிக்ஸ்’, மொழிநயத்திற் பன்மடங்கு மேம்பட்டது. ஆயின் அது அகஸ்டஸின் நண்பரான மைசீனஸுக்குப் படைக்கப்பட்டது. காணி வழக்கும் கையுறையும் பெற்றிருந்த இடத்தை அங்கே புரவலரும் புகழுரையும் பெற்றுவிடுகின்றன. உழைப்பைப் புகழும் குரல் உழைப்பவனிடமிருந்து புரவலனின் அவைக்கு இடம்பெயரும்போது கவிதை எதனை இழக்கிறது என்பதை இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர் உணர்வர்.

இவ்வொப்பீட்டை இயந்திரப்பாங்காக நம் நாட்டிற்குப் பொருத்திவிட முடியாது. நமது வடபகுதியில் காலபோக நெல் தை, மாசியிலே அறுவடையாகின்றது. கிரேக்க உழவனின் தாழி வற்றும் வேளையில் நம்மவனின் களம் நிறைகின்றது. ஆனால் களத்து நெல் அனைத்தும் வீடு சேர்வதில்லை. குத்தகையும் கடனும் அவனுக்கு முன்னே வந்து நிற்கின்றன. குத்தகை உழவனின் உரிமைக்குப் பாதுகாப்பளிக்க முனைந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் தோன்றவேண்டியிருந்தமையே இதற்குப் போதிய சான்று. பருவங்கள் மாறினும் அளவுமரக்கால் யார் கையில் உள்ளது என்ற வினா மாறவில்லை.

உழைப்பின் உயர்வு என்னும் பொருளிற் கட்டுரை எழுதுமாறு நாம் வகுப்பிற் பணித்தவேளை, தோட்டக்காரர் ஒருவரின் மகன் எழுந்து, “பாடுபடுறவை எல்லாரும் ஏன் சேர் கடன்பட்டுக் கிடக்கினம்?” என்று கேட்டான். நாம் திருக்குறளின் உழவு அதிகாரத்தை எடுத்துக்கூறிச் சமாளித்தோம். அவன் எதுவும் பேசாது அமர்ந்துகொண்டான். அவனுக்குக் கிடைத்தது விடையன்று என்பதை நாம் அன்றே அறிந்திருந்தோம். உழைப்பு இழிவன்று என அழுத்திக் கூறிய ஹீசியட்டே, அவ்வுழைப்பின் பயனைக் கைக்கூலித் தீர்ப்பு கவர்ந்துகொண்டதையும் அதே கவிதையிற் பதிவு செய்துள்ளார். முதற்கூற்றை மட்டும் பாடமாக்கி, இரண்டாவதை விட்டுவிடும் கல்வி, உழவனின் மகனுக்கு அவன் தந்தையின் வறுமைக்குத் தந்தையே காரணம் என்று கற்பிக்கும் கல்வியாகும். உழவைப் பாடுவோரும் அதனைப் பாடஞ்சொல்வோரும் கதிர் முற்றிய வயலில் மட்டும் நின்றுவிடாது, அடி தெரியும் தாழியினுள்ளும் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். அம்மாணவனின் வினாவுக்கு நாம் கடன்பட்டிருக்கும் விடை அங்கிருந்தே தொடங்கும்.