தாலிடோமைடு: வினையூக்கிகளுக்கு ஒரு தப்பான உதாரணம்

வினையூக்கிகளைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரிடமும் ஒரு கதை கைவசம் இருக்கும். நம் இரண்டு கைகளைப் போல, சில மூலக்கூறுகளுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. தாலிடோமைடில் வலக்கை வடிவம் தூக்கம் தந்தது, குமட்டலை நிறுத்தியது. இடக்கை வடிவம் கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்தது. இரண்டையும் கலந்து விற்றதால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு கையை மட்டும் உருவாக்கித் தரும் வினையூக்கிகள் அப்போதே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. கதை இப்படி முடியும்.

2021-ல் பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மேக்மில்லன் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபோது, பொது வாசகர்களுக்காக வெளியான அதிகாரபூர்வ விளக்கத்திலும் தாலிடோமைடு இடம்பெற்றது. நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது சொல்வதில்லை. கதையின் முடிவு தப்பு.

என்ன தப்பு? தாலிடோமைடில் இடமா வலமா என்று தீர்மானிப்பது ஒரே ஒரு கார்பன் அணு. அதில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனுக்குப் பிடிப்பு குறைவு. அது கழன்று மறுபக்கமாக வந்து ஒட்டிக்கொண்டால் வலக்கை இடக்கையாகிவிடும். ரத்தத்தில் இது சில மணி நேரத்திலேயே நடக்கிறது. அதை வேகப்படுத்துபவற்றில் ஒன்று, நம் ரத்தத்திலேயே இருக்கும் அல்புமின் புரதம். அதாவது ஆய்வகத்தில் வினையூக்கியை வைத்துப் பிரித்ததை, உடம்புக்குள் இன்னொரு வினையூக்கி திரும்பக் கலந்துவிடுகிறது. 'நல்ல' கையை மட்டும் மாத்திரையாகக் கொடுத்திருந்தாலும் கருவுக்கு இரண்டும்தான் போயிருக்கும்.

'நல்ல கை, கெட்ட கை' என்பதற்குப் பெரிதும் ஆதாரமாகக் காட்டப்படுவது 1979-ல் சுண்டெலிகளில் செய்த ஓர் ஆய்வு. ஆனால் தாலிடோமைடால் வரும் பிறவிக் குறைபாடு சுண்டெலிகளில் எளிதில் தோன்றாது. குறைபாடு நன்றாகத் தெரியும் முயல்களில் 1967-லேயே சோதித்தார்கள்; இரண்டு வடிவங்களுமே பாதிப்பை உண்டாக்கின.

கதையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மருந்து உடம்பில் பிடித்துக்கொள்வது செரிப்ளான் என்ற புரதத்தை என்று 2010-ல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவின் குழு காட்டியது. இடக்கை வடிவம் அதில் அதிக வலுவாகவே ஒட்டுகிறது. ஆனால் ரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவுக்கு இந்த மருந்து வேலை செய்வதும் இதே செரிப்ளான் வழியாகத்தான். நன்மை ஒரு கையிலும் தீமை இன்னொரு கையிலுமாகப் பிரிந்து கிடக்கவில்லை.

ஒரு உதாரணத்துக்கு இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கலாம். தாலிடோமைடு பழங்கதை இல்லை. தொழுநோயில் வரும் ஒருவகை அழற்சிக்கு இன்றும் தரப்படுகிறது. அப்படித் தரப்படும் பிரேசிலில், பல நாடுகளில் இது விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட பிறகும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 'சுத்தமாகப் பிரித்தால் ஆபத்தில்லை' என்ற நம்பிக்கை இங்கே உயிரோடு விளையாடுவது.

இன்னொன்று, இந்தக் கதை பழியை வேதியியலின் தலையில் போட்டுவிடுகிறது. மேற்கு ஜெர்மனியில் 1957-ல் விற்பனைக்கு வந்த மருந்து இது. டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. கருவுக்கு என்ன ஆகும் என்று யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. அமெரிக்காவில் அனுமதி கேட்டு நிறுவனம் நெருக்கியபோது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்த பிரான்சிஸ் கெல்சி மசியவில்லை. அவர் இடமா வலமா என்று கேட்கவில்லை, பாதுகாப்புக்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த வினையூக்கியும் தேவைப்படவில்லை.

வினையூக்கியின் பெருமையைச் சொல்ல நல்ல உதாரணம் இல்லாமலும் இல்லை. பார்கின்சன் நோய்க்கான எல்-டோபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மறுகை பயன் தராது; ரத்த வெள்ளை அணுக்களையும் குறைக்கக்கூடியது. வில்லியம் நோல்ஸ் ரோடியம் வினையூக்கி கொண்டு தேவையான கையை மட்டும் ஆலை அளவில் தயாரிக்க வழிசெய்தார். 2001-ல் நோபல் பெற்றார். எல்-டோபா ரத்தத்தில் கை மாறுவதில்லை. அதனால்தான் அங்கே பிரித்ததற்குப் பலன் கிடைத்தது.

அடுத்த முறை 'ஒரு கை மருந்து, மறு கை விஷம்' என்று எங்காவது படித்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உடம்புக்குள் போன பிறகும் அந்தக் கை அப்படியே இருக்கிறதா?