படைப்புழுத் தடுப்பில் இரசாயனமும் உயிரியலும்: பெரம்பலூர், அரியலூர் வயல்களை முன்வைத்து

மக்காச்சோளமும் பருத்தியும் பெருமளவில் மானாவாரியாக விளையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பூச்சிக் கட்டுப்பாட்டு முறைகளை மறுபரிசீலனை செய்யும் தேவையை அடுத்தடுத்த இரு நிகழ்வுகள் உருவாக்கின. 2017-இன் பிற்பகுதியில், பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் பெரம்பலூர் பகுதியில் நச்சுப் பாதிப்பால் உயிரிழந்தனர். மறு ஆண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த படைப்புழு, கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சில மாதங்களிலேயே இவ்வட்டார மக்காச்சோளத்தைச் சூறையாடியது.

எமாமெக்டின் பென்சோயேட் போன்ற இரசாயன மருந்துகளின் வலிமை, விரைந்து வேலை செய்வதிலும், அண்டை வயலாரை எதிர்பாராமல் ஒருவர் தாமே பயன்படுத்திக்கொள்ள இயல்வதிலும் உள்ளது. ஆனால், வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே வழியை அடைத்துக்கொள்வதால், காலம் தாழ்த்தி அடிக்கும் மருந்து அதைச் சென்றடைவதில்லை. அந்நிலையில் அளவைக் கூட்டி, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது புழுவுக்கு எதிர்ப்புத் திறன் வளர்கிறது. நன்மை செய்யும் பூச்சிகள் மடிகின்றன. ஆளுயரம் வளர்ந்த பயிருக்குள் நின்று தெளிப்பவரும் நஞ்சைச் சுவாசிக்க நேர்கிறது.

உயிரியல் முறை, பூச்சியை அதன் இயற்கை எதிரிகளைக் கொண்டே அடக்குவதாகும். பப்பாளி மாவுப்பூச்சியை ஒடுக்க 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி தமிழ்நாட்டில் பெற்ற வெற்றி, இம்முறையின் ஆற்றலுக்குச் சான்று. எனினும் படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, முட்டைக் குவியலைச் செதில்களால் மூடிவைப்பதால் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியால் அடுக்கடுக்கான முட்டைகள் அனைத்தையும் எட்ட முடிவதில்லை; டெலினோமஸ் என்னும் மற்றோர் ஒட்டுண்ணியே உள்ளடுக்குவரை செல்லவல்லது. புழுவின் உடலில் நோயை உண்டாக்கும் மெட்டாரைசியம் பூஞ்சைக்கு ஈரப்பதம் வேண்டும் என்பதால், ஐப்பசி மழையில் பலன் தருவது வறண்ட இடைவெளியில் ஏமாற்றிவிடுகிறது. முட்டை ஒட்டுண்ணிகளைத் தாங்கிய காகித அட்டைகளைக் கட்டிய வயலை ஒட்டி அடுத்தவர் கடும் மருந்து தெளித்தாலும் பயன் கெடுகிறது.

ஆகவே, இரண்டும் ஒரே வேலைக்கான மாற்றுகள் அல்ல. கோடை உழவு, வரப்பில் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி, முட்டைக் குவியலை நசுக்குதல், ஒட்டுண்ணி ஆகியவை முதலிலும், சேதம் பொருளாதார வரம்பைக் கடந்தால் மட்டும் பரிந்துரைத்த அளவில் இரசாயனம் இறுதியிலும் இடம்பெற வேண்டும். தனி விவசாயியால் நிறைவாகச் செய்ய இயலாத இவ்வொழுங்கை ஊர் முழுவதற்குமான திட்டமாக்கி, ஒட்டுண்ணிகளை விதைப்புப் பருவத்திலேயே வட்டாரந்தோறும் கிடைக்கச் செய்வது வேளாண்துறையின் பொறுப்பாகும்.