கதையில் வரும் மோப்ப நாய்

"போலீஸ் மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை."

இந்த வாசகத்தைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. திருமங்கலத்தில் நகைக்கடைத் திருட்டு என்றாலும் மேலூரில் வீடு புகுந்து கொள்ளை என்றாலும், மறுநாள் செய்தித்தாளில் கடைசி வரி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதே நாளில் மதுரைப் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் ஒரு மாத நாவலை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அங்கே நாய் என்று ஒன்று வந்துவிட்டால் அது நிற்பதில்லை. நேரே குற்றவாளியின் கணுக்காலில்தான் போய் முடியும். செய்தித்தாள் நாய்க்கும் கதை நாய்க்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? துப்பறியும் கதைகளில் வரும் வளர்ப்புப் பிராணிகளை அறிவியல் கண்கொண்டு சற்றே பார்ப்போம்.

ஆங்கிலத்தில் இது ஒரு தனிக் கதை வகையாகவே வளர்ந்திருக்கிறது. துப்பறிபவர் போலீஸ்காரர் அல்லர். பத்திரிகையாளர், அஞ்சலக ஊழியர், பள்ளிச் சிறுவர்கள் என்று யாராகவும் இருப்பார். உடன் ஒரு நாயோ பூனையோ இருக்கும். எனிட் பிளைட்டன் 1942இல் தொடங்கிய ஐவர் கதைகளில் ஐந்தாவது ஆள் டிம்மி என்ற நாய்தான். ரீட்டா மே பிரௌன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1990 முதல் எழுதிவரும் வரிசையில் பூனையும் நாயும் தமக்குள் பேசிக்கொண்டே துப்பறிகின்றன. அட்டையில் தம் பூனையின் பெயரையும் இணையாசிரியராக அச்சிட்டுவிட்டார் அந்த அம்மையார்! பூனைக்கு உரிமைத் தொகை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

தமிழில் தொழில்முறையில்லாத் துப்பறிவாளருக்குப் பஞ்சமில்லை. தேவனின் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். ஆனால் சாம்புவுக்கு நாய் இல்லை. கணேஷுக்குப் பூனை இல்லை. இதற்குக் காரணம் எழுத்தாளரின் மறதி அன்று என்றே நான் எண்ணுகிறேன். குளிர்நாட்டில் நாய் கணப்படுப்பின் அருகே, எசமானின் காலடியில் படுத்திருக்கும். நம் ஊரில் அது திண்ணையிலோ கொல்லையிலோ தெருமுனையிலோ இருக்கும். வீட்டினுள் நடக்கும் உரையாடலில் அதற்கு இடமில்லை. எனினும் கதைக்கு இது குறையா? மதுரையின் சந்து ஒவ்வொன்றிலும் யாருக்கும் சொந்தமில்லாத நாய் ஒன்று உண்டு. யார் எந்நேரத்தில் வருவார், யார் புதியவர் என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. இப்படிப்பட்ட சாட்சியை நம் எழுத்தாளர்கள் கையில் எடுக்காதது வியப்புத்தான்.

இவ்வகைக் கதைகளில் அறிவியலுக்கு மிக நேர்மையாக நடந்துகொண்டவர், என் கருத்தில், ஆர்தர் கானன் டாயில்தான். 1890இல் வெளிவந்த 'நால்வர் அடையாளம்' நாவலில் டோபி என்ற கலப்பின நாய் வருகிறது. அது ஹோம்ஸின் நாய் அன்று; ஒரு கிழவரிடமிருந்து இரவல் வாங்கியது. குற்றவாளிகளில் ஒருவன் கிரியோசோட்டை மிதித்துவிடுகிறான். ரயில் பாதையில் மரக்கட்டைகள் உளுத்துப் போகாதிருக்கப் பூசுவார்களே, அந்தத் தார் எண்ணெய்தான். அந்த நெடியைப் பற்றிக்கொண்டு டோபி லண்டன் வீதிகளில் ஓடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோம். இறுதியில் அது எங்கே போய் நிற்கிறது தெரியுமா? கிரியோசோட் பீப்பாய் ஒன்றின் மேல்!

பல வாசகர்கள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த நாவலின் மிக உயர்ந்த அறிவியல் கட்டம் இதுவே. நாய் தவறு செய்யவில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்தது. "இந்த வாசனை எங்கே?" என்றுதான் அதனிடம் கேட்டார்கள், "கொலைகாரன் எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. டாயில் மருத்துவராயிருந்தவர். ஆய்வுக்கூடக் கருவி ஒன்று எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்ற பாகுபாடு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே டாயில் 'பாஸ்கர்வில் வேட்டை நாய்' நாவலில் சறுக்கிவிட்டார். பேய் நாயாகத் தோன்றும்பொருட்டு அதன் முகத்தில் பாஸ்பரஸைப் பூசியதாக எழுதினார். வெண் பாஸ்பரஸ் காற்றுப் பட்டால் மெல்ல ஆக்ஸிகரணம் அடைந்து இருட்டில் ஒளிரும் என்பது உண்மை. ஆனால் அது கொடிய நஞ்சு. நாய் நாக்கால் ஒருமுறை முகவாயை நக்கினாலே போதும், கதை முடிந்துவிடும். மேலும் ஏறத்தாழ 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அது தானாகவே தீப்பற்றக் கூடியது. பனி மூடிய டெவன்ஷயர் சதுப்பில் எப்படியோ, சித்திரை மாதத்து மதுரையில் அந்த நாய் நாலடி எடுத்து வைக்குமுன் வெந்து போயிருக்கும். இந்தப் பொருளைக் கொண்டு செய்த தீக்குச்சிகளே தொழிலாளரின் தாடை எலும்பை அரித்ததனால்தான் இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தடை செய்தது. இன்று சிவகாசித் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது நஞ்சற்ற சிவப்பு பாஸ்பரஸ்.

நாயின் மூக்குக்கு வருவோம். மனிதனின் மூக்கினுள் வாசனை உணரும் நரம்பணுக்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். நம் தோலிலிருந்து நுண்ணிய செதில்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் மீதுள்ள பாக்டீரியாக்கள் வியர்வையையும் கொழுப்பையும் சிதைத்து ஆவிகளை வெளிவிடுகின்றன. இதுவே தரையில் கிடக்கும் தடம். பயிற்சி பெற்ற நாய் ஐந்தே காலடித் தடங்களை முகர்ந்து, நடந்தவன் எத்திசையில் சென்றான் என்று கண்டுகொள்ளும் என்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எவ்வளவு நுட்பமான கணக்கு, பாருங்கள்! முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் இடையே கழிந்த ஒன்றிரண்டு வினாடிகளில் வாசனை எவ்வளவு குறைந்தது என்பதை அது ஒப்பிட்டு அறிகிறது.

ஆயினும் இந்த ஆற்றல் நிலத்தையும் வேளையையும் பொறுத்தது. மழை பெய்து ஓய்ந்த விடியலில், திருமங்கலத்துக் கரிசலில், தடம் நெடுநேரம் நிற்கும். அதே நிலம் நடுப்பகலில் கொதிக்கும்போது ஆவி விரைந்து கலைந்துவிடுகிறது. காற்று வேறு அடித்துக்கொண்டு போகிறது. நாயோ உடல் வெப்பத்தைத் தணிக்க வாயைத் திறந்து இரைக்கத் தொடங்குகிறது. இரைக்கும் நாய் ஒழுங்காக முகர முடியாது. பேருந்தும் ஆட்டோவும் ஆயிரம் கால்களும் கடந்துபோன மாசி வீதியில் முற்பகல் பதினொரு மணிக்குக் கொண்டுவந்து விட்ட நாய் "சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது" என்றால், அது தோல்வி அன்று. அந்த இடத்தில் செய்தித்தாள் நாவலைவிட நல்ல அறிவியல் எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் கதைதானே என்று விட்டுவிடலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். விட்டுவிடலாம், நாய் கவ்விய மனிதனுக்கு அதன்பின் என்ன ஆகிறது என்று எண்ணிப் பாராதவரை. நாவலில் நாய் ஒருவன் முன் போய்க் குரைத்தால் அடுத்த பக்கத்தில் அவன் ஒப்புக்கொள்கிறான். ஊரில் நாய் ஒருவன் வீட்டு வாசலில் நின்றால், அவன் ஒன்றும் செய்யாதவனாயினும், தெருவே அவனைத் திருடன் என்று முடிவு கட்டிவிடுகிறது. நம் உச்ச நீதிமன்றம் இதை 1969இலேயே ஒரு வழக்கில் ஆராய்ந்தது. 2001இல் மீண்டும் எடுத்துரைத்தது. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதற்குப் பிசகு நேரலாம். ஒரு மனிதனின் உயிரையும் உரிமையையும் அதன் ஊகத்தில் தொங்கவிடலாகாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். புலன் விசாரணைக்கு நாய் வழிகாட்டலாம். தண்டிப்பதற்கு அது போதாது.

நீதிமன்றத்தின் ஐயத்துக்கு அறிவியலும் துணை நிற்கிறது. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பெயர் பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்து, அது கணக்குப் போடவில்லை, கேள்வி கேட்பவரின் தலையசைவையே படித்தது என்று 1907இல் நிறுவினார். நாய்களுக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற 18 நாய்களை அவற்றின் நடத்துநர்களோடு ஒரு கட்டடத்துள் அனுப்பினார்கள். தேட வேண்டிய பொருள் எங்குமே வைக்கப்படவில்லை. ஆனால் சில இடங்களில் காகிதம் ஒட்டி, அங்கே வாசனைப் பொருள் இருப்பதாக நடத்துநர்களை நம்ப வைத்திருந்தார்கள். இல்லாத பொருளுக்கு எச்சரிக்கைகள் குவிந்தன. காகிதம் ஒட்டிய இடங்களில் மிகுதியாகவே. எசமான் மனத்திலிருந்த ஐயத்தையே நாய் மோப்பம் பிடித்தது போலும்! தனக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கும் ஒரு நாவல் கதாநாயகியின் நாய், அவர் காலைக் கவ்வினால் நாம் என்ன முடிவுக்கு வருவது? இந்தக் கேள்வியை மையமாக வைத்து ஒரு நாவலையும் நான் படித்ததில்லை.

பூனைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லிலியன் ஜாக்சன் பிரான் 1966 முதல் எழுதிய பூனைக் கதைகள் 29 நாவல்களாகப் பெருகின. அதில் வரும் கோக்கோ என்ற சயாம் பூனை அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும். அதன் தலைப்பில் கொலையின் துப்பு இருக்கும். கோக்கோவுக்கு மீசை மயிர் அறுபது என்பதுதான் அதன் ஞானத்துக்குக் காரணமாம். சாதாரணப் பூனைக்கு மூக்கின் இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 24 இருக்கும். அவை இருளில் காற்றின் சலனத்தையும் இடுக்கின் அகலத்தையும் உணரும் அரிய கருவிகள். உண்மையான மீசையே இத்தனை வேலை செய்கையில், இல்லாத முப்பத்தாறு மயிர்களைக் கொடுத்துச் சோதிடம் சொல்ல வைப்பானேன்?

தமிழில் இவ்வகைக்கு மிக அருகில் வரும் படைப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. நிலா என்ற சாதாரணக் குடும்பப் பெண்ணின் கணவன் காணாமற் போகிறான். அவனைத் தேடப் புறப்படும் அவளுக்குத் துணையாய் அமைவது ஜீனோ என்ற எந்திர நாய். தொழில்முறையில்லாத் துப்பறிவாளர், உடன் ஒரு வளர்ப்புப் பிராணி: இலக்கணம் அப்படியே பொருந்துகிறதல்லவா? தமிழ்ச் சிறார் இரு தலைமுறையாக நேசித்த நாய் ஜீனோதான் என்றால் மிகையாகாது. ஆனால் சுஜாதா பொறியாளர். அவர் ஜீனோவுக்கு வாயைக் கொடுத்தார், மூளையைக் கொடுத்தார். மூக்குக்கு அங்கே அதிக வேலை வைக்கவில்லை. கதை நிகழும் 2021 வந்து போய்விட்டது. பேசும் எந்திரம் நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் விமான நிலையங்களில் இன்றும் வெடிமருந்தைத் தேடுவதில் நாயை விலக்கிவிட முடியவில்லை. எளிதில் உருவாகாது என்று நாம் நினைத்தது உருவாகிவிட்டது. எளிது என்று நினைத்த மூக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.

மதுரைச் சீமை எழுத்தாளர் யாரேனும் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். ஜெர்மன் ஷெப்பர்டைத் தேடிப் போகாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் கோம்பை நாய் இருக்கிறது. தெற்கே சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இருக்கின்றன. ஆனால் சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து முயலைத் துரத்தும் இனம். அதைத் தரையை முகர்ந்துகொண்டு மெல்ல நடக்க விட்டு எழுதினால் கரிசல்காட்டு வாசகர்கள் சிரிப்பார்கள். ராஜபாளையமோ 2005இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை உடையது. தூய வெள்ளை, ரோஜா நிற மூக்கு. இந்த வெண்மையில்தான் ஒரு நல்ல கதை ஒளிந்திருக்கிறது.

டாயில் 1892இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையில், இரவில் குதிரை லாயத்துக்கு ஒருவன் வருகிறான். காவல் நாய் குரைக்கவில்லை. ஆகவே வந்தவன் நாய்க்குத் தெரிந்தவனே என்று ஹோம்ஸ் முடிவு செய்கிறார். உலகப் புகழ் பெற்ற தருக்கம் இது. இப்போது அதே லாயத்தை வைகைக் கரையில் ஒரு தென்னந்தோப்பு வீடாக மாற்றுங்கள். வாசலில் ராஜபாளையம் நாய். நள்ளிரவில் நகை போய்விட்டது, நாய் குரைக்கவில்லை. ஊரே பண்ணையாளைச் சந்தேகிக்கிறது, நாய்க்குச் சோறு வைப்பவன் அவன்தானே! ஆனால் தோலுக்கும் மயிருக்கும் நிறமூட்டும் அணுக்களே செவியின் உட்பகுதியிலும் குடியேற வேண்டும். அவை அங்கே சேராத வெள்ளை நாய்களில் சில பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறனை இழந்துவிடுகின்றன. நீலக் கண்ணுள்ள குட்டிகளில் இந்த வாய்ப்பு மிகுதி. அதிர்வையும் அசைவையும் வாசனையையும் கொண்டு அவை சாமர்த்தியமாக வாழ்வதால் வீட்டார்கூடப் பல ஆண்டுகள் கண்டுகொள்வதில்லை. அந்த இரவில் காற்று நாயிடமிருந்து திருடனை நோக்கி வீசியது, நாய் உறங்கிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். பக்கத்துத் தெருப் பள்ளி ஆசிரியை ஒருவர் நாயின் பின்னால் சென்று, அதன் கண்ணில் படாமல், ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கிறார். காது மடல் அசையவில்லை. பண்ணையாளைக் காவல் நிலையத்திலிருந்து அனுப்பிவிடலாம். இனிமேல்தான் திருடனைத் தேட வேண்டும்.