பாமின் கண்ணீரும் நினைவிருக்கட்டும்

ஒரு தொடர் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகும் அதன் ரசிகர்கள் சந்தித்தால் பேச்சு அதைச் சுற்றியே வருவதுண்டு. அமெரிக்காவின் 'தி ஆபீஸ்' அப்படிப்பட்டது. என்.பி.சி. தொலைக்காட்சியில் 2005 மார்ச்சில் தொடங்கி 2013 மே மாதம் முடிந்தது. மொத்தம் 201 அத்தியாயங்கள். பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் காகிதம் விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் கிளை அலுவலகம்தான் களம். முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2020-இல், அமெரிக்கர்கள் அதை நெட்பிளிக்ஸில் சுமார் 5,700 கோடி நிமிடங்கள் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கதை தெரியாமல் பார்த்திருக்க மாட்டார்கள். தெரிந்த மனிதர்களைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இந்த நினைவுகூர்தலில் எனக்கு மிகவும் பிடித்தது, அது சின்னப் பாத்திரங்களுக்குச் செய்யும் நியாயம். கணக்குப் பிரிவின் கெவின், இரவெல்லாம் சமைத்த சில்லி என்ற குழம்பை ஒரு பெரிய பாத்திரத்தில் சுமந்துகொண்டு அலுவலகம் வருகிறார். பாத்திரம் கைதவறித் தரைவிரிப்பில் கொட்டிவிடுகிறது. கையில் அகப்பட்ட காகிதங்களைக் கொண்டு அள்ளப் பார்க்கிறார். அள்ள அள்ள இன்னும் பரவுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடக் காட்சி. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் சக ஊழியர்களுக்காகக் கண்விழித்த ஒருவரின் உழைப்பு கண்ணெதிரே வீணாவதை ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். விமர்சகர்கள் கதாநாயகர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது கெவினைக் காப்பாற்றி வைத்தவர்கள் இவர்கள்தாம். கெல்லி என்ற பாத்திரத்தில் நடித்த மிண்டி கேலிங்கும் அப்படித்தான். அவர் இத்தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர் என்பதையும், 2006-இல் ஒளிபரப்பான தீபாவளி அத்தியாயம் அவர் எழுதியது என்பதையும் ரசிகர்கள் இன்னும் சொல்லி மகிழ்கிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக நினைத்துப் பழகியதில் தொடரின் கசப்பு கழன்றுவிட்டது. ஜிம், பாம் என்ற இரு ஊழியர்களின் காதல், சக ஊழியர் டுவைட்டின் ஸ்டேப்லரை ஜிம் ஜெல்லிக்குள் வைத்த குறும்பு, மேலாளர் மைக்கேல் ஸ்காட்டின் அசட்டுத்தனம் ஆகியவை மட்டும் மிஞ்ச, "அது ஒரு குடும்பம் மாதிரி" என்கிறார்கள். இந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்தே அங்கே ஆள்குறைப்புப் பயம் இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு வெட்டப்படுகிறது. இரண்டாம் பருவத்தில் கிடங்குத் தொழிலாளர்கள் சங்கம் பற்றிப் பேசத் தொடங்கியதுமே, கிளையையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் மிரட்டுகிறது. குடும்பம் என்று ஓயாமல் சொல்பவர் மைக்கேல். அந்தச் சொல்லுக்கும் அங்குள்ள நிலைமைக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் நகைச்சுவையே பிறக்கிறது. ரசிகர்கள் மைக்கேலின் சொல்லை அப்படியே நம்பிவிட்டால் தொடர் சொல்லவந்தது கைநழுவிப் போகிறது.

'ஸ்காட்ஸ் டாட்ஸ்' என்ற அத்தியாயத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டுவதாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்கேல் வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடியும் வேளையில், அந்தப் பிள்ளைகள் ஆடிப்பாடி நன்றி சொல்ல, கட்டப் பணமில்லை என்று அவர் சொல்ல நேர்கிறது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் வாய்ப்பேச்சு நல்லவர்களால் ஏழைப் பிள்ளைகளுக்கு நேரும் கேட்டை இவ்வளவு நேராகக் காட்டிய நகைச்சுவை குறைவு.

இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில், ஸ்டிக்கி நோட் காகிதங்களைத் திருடியதாகச் சொல்லி வரவேற்பாளர் பாமை வேலையை விட்டு நீக்குவதாக மைக்கேல் நாடகமாடுகிறார், அவள் அழுதுவிடுகிறாள். மூன்றாம் பருவத்தில் பாமின் ஓவியக் கண்காட்சி. வந்த சிலரும் போய்விட, அவள் படங்களைக் கழற்றத் தொடங்கும் நேரத்தில் மைக்கேல் வருகிறார். அலுவலகக் கட்டடத்தின் நீர்வண்ண ஓவியத்தை விலைக்குக் கேட்கிறார். பாம் அவரைக் கட்டிக்கொள்கிறாள். ரசிகர்கள் போற்றுவது இந்த இரண்டாவது காட்சியை மட்டும். முதல் காட்சியின் கண்ணீரை மறந்தவருக்கு இந்த அணைப்பின் கனம் பாதிகூடத் தெரியாது.

அடுத்த முறை இத்தொடரைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தால், தயவுசெய்து முதல் அத்தியாயத்திலிருந்து பாருங்கள். 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' வரும்போது தாண்டாதீர்கள்.