மாத்திரை தீர்ந்துபோன உலகம்

ஜாம்பி கதைகளில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஊரே கடிபட்டு ஓடுகிறது. ஹீரோ துப்பாக்கி தேடுகிறான், பெட்ரோல் தேடுகிறான். சுகர் மாத்திரையை யார் தேடுகிறார்கள்? சேவுகம்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு மாதம் மாத்திரை வராவிட்டால் பாதி வீடு காலி. கடிப்பதற்கு ஜாம்பியே வேண்டாம்.

கிரெட்ச்சன் ஃபெல்கர்-மார்ட்டினின் 'மேன்ஹன்ட்' (2022) இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு வைரஸ், உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள எல்லோரையும் வெறிபிடித்த மிருகமாக்கிவிடுகிறது. பெத், ஃப்ரான் என்ற இரண்டு திருநங்கைகள் அந்த மிருகங்களை வேட்டையாடி, உறுப்புகளை அறுத்து எடுத்துப்போய், தோழியான ஒரு கருத்தரிப்பு மருத்துவரிடம் தருகிறார்கள். அதிலிருந்து எடுக்கிற ஈஸ்ட்ரோஜன்தான் அவர்களை மனுஷியாக வைத்திருக்கிறது. டோஸ் தவறினால் அவர்களும் அதே மிருகம்.

ஆண்கள் மட்டும் அழியும் கதை புதிதல்ல. 'ஒய்: த லாஸ்ட் மேன்' காமிக்ஸில் (2002–2008) ஒய் குரோமோசோம் உள்ள பாலூட்டிகள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிழும், ஒரு இளைஞனும் அவன் குரங்கும்தான் மிச்சம். புரோகிராமர் பாஷையில் சொன்னால் டேட்டாபேஸில் ஒரே ஒரு காலம், ஆமாம் அல்லது இல்லை. அந்தக் கணக்கில் திருநங்கை முதல் பக்கத்திலேயே செத்துவிடுகிறாள், அவளுக்கென்று ஒரு வரிகூட இல்லாமல். ஃபெல்கர்-மார்ட்டின் குரோமோசோமை விட்டு ஹார்மோனுக்கு மாறுகிறார். உடனே கோடு கலைகிறது. பிசிஓஎஸ் உள்ள பெண்ணும் ஆபத்தில் இருக்கிறாள், ராபி என்ற திருநம்பி டெஸ்டோஸ்டிரோன் போடாமல் இருந்தால்தான் பிழைப்பான். யார் பெண் என்பதை இனி பிறப்புச் சான்றிதழ் சொல்லாது, மருந்து அலமாரி சொல்லும். அப்படியும் எக்ஸ்எக்ஸ் என்று பச்சை குத்திக்கொண்டு ஒரு படை திருநங்கைகளைத் தேடிக் கொல்லக் கிளம்புகிறது. மிருகங்களைவிட இவர்கள்தான் பயமுறுத்துகிறார்கள், ஏனென்றால் இவர்களுக்குப் பேசத் தெரியும்.

நாவலில் என்னைப் பிடித்து உலுக்கியது ரத்தமல்ல, பொறாமை. ஃப்ரானைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பெத் பெரிய உடம்புக்காரி, முகத்தில் தழும்பு. உலகமே அழிந்த பிறகும் 'இவள் பெண்ணாகத் தெரிகிறாள், நான் தெரியவில்லை' என்ற கணக்கு மட்டும் அழியவில்லை. நம் 'காஞ்சனா'வை (2011) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் காஞ்சனா தியாகி. இன்னொரு திருநங்கையை டாக்டருக்குப் படிக்கவைக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு நிலம் வாங்குகிறாள், அதற்காகவே கொல்லப்படுகிறாள். நல்லவளாக இருந்து, செத்து, ஹீரோவின் உடம்பில் ஏறினால்தான் அவளுக்குத் தியேட்டரில் விசில். நானும் அடித்தேன். அந்தப் பரிசுத்தம் பெத்துக்குத் தேவையில்லை. அவள் எரிச்சல்படுகிறாள், கொல்கிறாள், தோழி மேல் வயிறெரிகிறாள், உயிரோடு இருக்கிறாள்.

குறைகளும் உண்டு. படையில் ரமோனா தவிர மற்றவர்கள் அட்டைப் பொம்மைகள். உடலுறவுக் காட்சிகள் சில, கதை ஓடாதபோது போட்ட குத்துப்பாட்டு மாதிரி. இன்னொரு விஷயம் எனக்கு இடிக்கிறது. அழிவுக்கு முன் எல்லாம் ஒருவழியாக நடந்துகொண்டிருந்தது என்று நாவல் நம்புகிறது. இங்கே? 2004 சுனாமிக்குப் பிறகு, ரேஷன் கார்டு இல்லை என்பதாலேயே பல திருநங்கைகள் நிவாரணப் பட்டியலில் இல்லை. 2021-இல் கொரோனா நிவாரணத்தைக் கார்டு இல்லாதவர்களுக்கும் தர வேண்டும் என்று கிரேஸ் பானு உயர்நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

நம் பழைய அழிவுக்கதையும் இப்படித்தான். குருக்ஷேத்திரத்துக்கு முன் அரவான் பலியாகிறான். அவனுக்காகக் கூவாகத்தில் இன்றும் தாலி அறுக்கிறார்கள். சிகண்டியின் முடிவை நாம் அவ்வளவு பேசுவதில்லை. பதினெட்டு நாளும் தாக்குப்பிடித்து, போர் முடிந்து, ஜெயித்த பாசறையில் எல்லோரும் தூங்கும் ராத்திரி அஸ்வத்தாமன் வந்து வெட்டிப் போடுகிறான். சௌப்திக பருவத்தைவிட நல்ல ஹாரர் நம்மிடம் இல்லை. அதை சிகண்டியின் கண் வழியாக ஒரு தமிழ் எழுத்தாளர் எழுதினால், 'மேன்ஹன்ட்'டைத் தேடி நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

இந்த நாவலை நடுநிலையாகப் படிக்க என்னால் முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் சேவுகம்பட்டியில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பத்தாவது வரை என்னோடு படித்தவள் போன் பண்ணினாள். அப்போது அவளுக்கு வேறு பெயர். நிலக்கோட்டையில் ஒரு அறையில் மாட்டிக்கொண்டிருந்தாள். "டேய், இங்க எங்கயும் ஸ்டாக் இல்ல. வத்தலக்குண்டுல கேட்டுப் பாரேன், பேர வாட்ஸப்ல அனுப்புறேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு என்னையும் தெரியும், அப்பாவையும் தெரியும். பெயரைக் காட்டினால் 'யாருக்குத் தம்பி?' என்பார். பாரசிட்டமால் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். "ஸ்டாக் இல்லையாம்" என்று அவளுக்கு அனுப்பினேன். சரிடா என்று பதில் வந்தது.

போன தை மாதம், ஊரில் வாழைப்பழம் சூறை விடும் திருவிழா முடிந்த வாரம், போனில் அவளுக்கு 'மேன்ஹன்ட்' கதையைச் சொன்னேன். வேட்டை, உறுப்பு, மருந்து எல்லாம் கேட்டுவிட்டு, "நெசமாவே அதுகள வெட்டித்தான் மருந்து எடுக்கணுமா?" என்றாள்.

"ஆமா."

"பரவால்ல. மெடிக்கல்காரன் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல."

பிறகு புத்தகத்தைக் கேட்டாள். இங்கிலீஷ் என்றேன். அப்ப நீயே படிச்சுச் சொல்லு என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிவருகிறேன். மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறோம். பாரசிட்டமால் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.