குழந்தையின் எலும்பும் 560 மில்லிகிராமும்

தூங்கி எழுந்த ஆறு மாதக் குழந்தையின் தலை சட்டென்று முன்னால் சரிகிறது. கைகள் விரிந்து மடங்குகின்றன. சில நொடிகளில் மறுபடியும் அதே அசைவு. வெஸ்ட் சிண்ட்ரோம் எனப்படும் இந்த வலிப்புக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தரும் முறைகளில் ஒன்று, நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு 10 மி.கி. ஆஸ்துமா முற்றிய பெரியவருக்கு ஒரு நாளில் தரும் அளவு இது. இரண்டு வாரத்தில் 560 மி.கி. உள்ளே போய்விடும், பிறகுதான் படிப்படியாகக் குறைப்பார்கள். கன்னம் உப்பிய குழந்தையைப் பார்த்து, "எலும்பு என்னாகும்?" என்று வீட்டார் கேட்பது நியாயமே.

மருந்தின் பக்கமும் நியாயம் வலுவானது. கொழும்பில் 97 குழந்தைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்குப் பதினான்காம் நாளுக்குள் வலிப்பு நின்றது, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கே நின்றது. வலிப்பு நீடித்தால் பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி. எலும்புக்குப் பயந்து இந்த மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு.

பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டீராய்டு எலும்பைக் கட்டும் செல்களை ஒடுக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சிறுநீரில் அதைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. முதலில் அடி வாங்குவது பஞ்சு போன்ற உள்ளமைப்புள்ள முள்ளெலும்பு.

ஆறுதல் தரும் சான்றுகளும் உண்டு. 4 முதல் 17 வயது வரையிலான பிரிட்டிஷ் பிள்ளைகளைப் பற்றிய 2003ஆம் ஆண்டு ஆய்வில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு கூடியிருந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அது மற்றவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய்க்குச் சராசரியாக 23,000 மி.கி. எடுத்த 60 அமெரிக்கப் பிள்ளைகளிடமும் 2004இல் எலும்புத் தாதுக் குறைவு தெரியவில்லை. ஆனால் ஏறிய உடல் எடையின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது முதுகெலும்பில் சிறு குறை வெளிப்பட்டது. தவிர, இவர்கள் யாரும் கைக்குழந்தைகள் அல்லர். இந்த முடிவுகளை அப்படியே தொட்டிலுக்கு நீட்டுவது அவசரம்.

கண்காணிப்பில்தான் பெரிய ஓட்டை. டெக்ஸா ஸ்கேன் எலும்பைத் தட்டையான படமாகவே அளப்பதால், குள்ளமான குழந்தைக்கு உண்மையைவிடக் குறைந்த அடர்த்தி காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்துச் சிறுவர்களுக்கு ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிவு நோய்) என்று முடிவு கட்டக் கூடாது என்பதே பன்னாட்டு வழிகாட்டுதல். மறுபுறம், வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உதவாது. முள்ளெலும்பு நசுங்கியும் வலியே தெரியாத சிறுவர்கள் பலரைக் கனடா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு முதுகெலும்பு எக்ஸ்ரே அதைக் காட்டும்.

ஒரு மாதச் சிகிச்சையோடு மீண்டு ஓடியாடும் குழந்தைக்கு அந்த எக்ஸ்ரே தேவைப்படாது. வலிப்பு நின்றும் நடக்க முடியாத, ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை எடுக்கும் குழந்தையின் கதை வேறு. கால் ஊன்றாத எலும்பு தானாகவே மெலியும். சில வலிப்பு மருந்துகள் வைட்டமின் டியையும் குறைக்கும். பழியை மட்டும் பழைய ஸ்டீராய்டு சுமக்கும். எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய மருந்தின் மொத்த அளவாவது தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஸ்டீராய்டு தரப்பட்டது" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், பத்து வயதில் கை முறிந்து வரும் பிள்ளையின் மருத்துவருக்கு அது எதையும் சொல்லாது.